அம்மா பெயரில் 9,400 யூரோ செக்: எந்த வங்கியும் வாங்கவில்லை, என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் காரைக்காலிலிருந்து வந்து, பிரான்சைச் சேர்ந்த ரீயூனியன் தீவில் சேன்த் ஆந்த்ரே என்ற ஊரில் இருக்கிறோம். அப்பா தவறி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவருடைய ஓய்வூதியத்தில் அம்மாவுக்குச் சேர வேண்டிய பங்கு மாதக்கணக்கில் இழுத்தடித்து, கடைசியில் நிலுவை எல்லாம் சேர்த்து 9,400 யூரோவுக்கு ஒரே செக்காக வந்திருக்கிறது. அம்மாவுக்கு 71 வயது. அவர் பெயரில் வங்கிக் கணக்கே கிடையாது, எல்லாம் அப்பாதான் பார்த்துக்கொண்டார். என் வங்கியில் கொடுத்தேன், "உங்கள் பெயரில் இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இன்னொரு வங்கியில் அம்மாவையே கூட்டிக்கொண்டு போனேன். ரொக்கமாகத் தர முடியாது என்றார்கள். சரி, கணக்காவது தொடங்குங்கள் என்றால், வீட்டு ரசீது அம்மா பெயரில் இல்லை, செக்கில் இருக்கும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகவில்லை என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். தெரிந்த கடைக்காரர் ஒருவர், செக்கின் பின்னால் அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் 8,500 யூரோ ரொக்கமாகத் தருவதாகச் சொல்கிறார். "கொடுத்துவிடு, கையில் காசு வந்தால் போதும்" என்கிறார் அம்மா. செக் வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. காலாவதி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: சகோதரி, முதல் வேலையாக அந்தக் கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 900 யூரோ போகிறதே என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. செக்கை எடுத்து ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். குறுக்கே இரண்டு இணைகோடுகள் அச்சாகியிருக்கும். வங்கிக்குத் தவிர வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது என்று பிரெஞ்சில் சிறிய எழுத்தில் ஒரு வரியும் இருக்கும். பிரான்சில் புழங்கும் செக் ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான். அம்மா பின்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் அந்தக் கடைக்காரர் அதைத் தன் கணக்கில் முறையாகப் போட வழியே இல்லை. அப்படி இருந்தும் பணம் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்கிறார் என்றால், அந்தச் செக்கை வைத்து என்ன செய்யப் போகிறார்? நாளைக்கு ஏதாவது சிக்கல் வந்தால், கையெழுத்து உங்கள் அம்மாவுடையது. பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

உங்கள் வங்கி வாங்க மறுத்ததும் இதே காரணத்தால்தான், அதில் தப்பில்லை. யார் பெயருக்குச் செக்கோ அவர் பெயரில் உள்ள கணக்கில்தான் அது சேர வேண்டும். மகள் என்றாலும் மாறாது. ரொக்கமாகத் தர முடியாது என்று இன்னொரு வங்கி சொன்னதும் சரிதான். கோடு போட்ட செக்கைக் கவுன்டரில் நீட்டிக் காசு வாங்க முடியாது. ஆனால் கணக்குத் தொடங்கவும் மறுத்துவிட்டு, அதை எழுதித் தராமல் வாயால் சொல்லி அனுப்பினார்களே, அங்கேதான் உங்களை ஏமாற்றிவிட்டார்கள்.

காலாவதி பற்றிய பயத்தை இப்போதே விட்டுவிடலாம். பிரெஞ்சுச் சட்டப்படி செக்குக்கு ஆயுள் ஒரு வருஷமும் 8 நாளும், செக்கில் போட்டிருக்கும் தேதியிலிருந்து. இன்னும் நிறைய நாள் கையில் இருக்கிறது. இன்றைக்கே இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். மடிக்காமல், கிழியாமல் வைத்திருங்கள். பின்பக்கத்தில் இப்போது எதுவும் எழுத வேண்டாம். வெறும் கையெழுத்து மட்டும் போட்ட செக் தொலைந்துபோனால் அது தனித் தலைவலி.

கணக்குத் தொடங்கப் போவதற்கு முன்னால் வீட்டில் ஒரு விஷயத்தைச் சரிபாருங்கள். அப்பாவின் பழைய வங்கி அறிக்கை ஏதாவது ஒன்றைத் தேடி எடுங்கள். மேலே பெயர் போட்டிருக்கும் இடத்தில் அப்பா பெயர் மட்டும் இருக்கிறதா, அல்லது "மொசியே ஊ மதாம்" (திரு அல்லது திருமதி) என்று இரண்டு பேரையும் சேர்த்துப் போட்டிருக்கிறதா? இரண்டு பேருக்கும் என்றால் அது கூட்டுக் கணக்கு. அப்பா பெயரில் மட்டும் இருந்த கணக்கை, அவர் இறந்த செய்தி தெரிந்ததும் வங்கி முடக்கிவிடும். கூட்டுக் கணக்கு அப்படி இல்லை, வாரிசுகள் யாரும் ஆட்சேபம் தெரிவிக்காத வரை உயிரோடு இருப்பவர் நடத்தலாம். அம்மாவுக்குக் கணக்கே இல்லை என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்க, அவர் பெயர் பல வருஷமாக அப்பாவின் கணக்கில் சேர்ந்தே இருந்திருக்கவும் கூடும். நம் குடும்பங்களில் ஆண்கள் பல பேர் இதை வீட்டில் சொல்வதே இல்லை. அப்படி இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இல்லை என்றால், அம்மாவுக்கு இரண்டு வழி இருக்கிறது. முதல் வழி லா பாங்க் போஸ்தால், அதாவது தபால் நிலைய வங்கி. அங்கே லிவ்ரே ஆ என்ற சேமிப்புக் கணக்கு கேட்பவர் யாராக இருந்தாலும் தொடங்கித் தர வேண்டும் என்பது சட்டம் அந்த வங்கிக்குக் கொடுத்திருக்கும் பொறுப்பு. ஒன்றரை யூரோ போட்டுத் தொடங்கலாம், ஒன்றரை யூரோ கூட எடுக்கலாம். ஓய்வூதியம் போன்ற சமூகநலப் பணமும் அதற்கு வந்து சேரலாம். உச்சவரம்பு 22,950 யூரோ, அம்மாவின் தொகைக்குத் தாராளமாகப் போதும். வட்டிக்கு வரி கிடையாது. கார்டு, செக் புத்தகம் என்று எதுவும் வேண்டாம், மாதம் ஒரு தடவை கவுன்டரில் போய்க் காசு எடுத்தால் போதும் என்கிற வயதானவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு.

இரண்டாவது வழியைத்தான் நான் உங்களுக்கு அதிகம் வற்புறுத்துவேன். கணக்கு வைத்துக்கொள்வது பிரான்சில் உரிமை. தந்தாலும் தரலாம் என்கிற சலுகை இல்லை. கணக்கு இல்லாத ஒருவருக்கு வங்கி மறுத்தால், நாட்டின் மத்திய வங்கியான பாங்க் து பிரான்ஸ் ஒரு வங்கியைத் தானே நியமித்துக் கணக்குத் தொடங்க வைக்கும். ரீயூனியனில் மத்திய வங்கி சார்பில் அந்த வேலையைப் பார்ப்பது தலைநகர் சேன் தெனியில் உள்ள இயெதோம் என்ற அலுவலகம். ஆனால் அவர்களிடம் போக வேண்டுமானால், மறுத்த வங்கி எழுத்தில் கொடுத்த மறுப்புச் சான்று வேண்டும். அதை வங்கி இலவசமாகத் தந்தாக வேண்டும். எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து 15 நாள் ஆகியும் பதில் இல்லை என்றால், அந்த மௌனமே மறுப்பு என்று 2022-லிருந்து விதி இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: மறுபடி ஒரு வங்கிக்குப் போகும்போது வெறும் வாயோடு போகாதீர்கள். கணக்கு தொடங்கக் கேட்டு ஒரு பக்கக் கடிதம், அம்மா கையெழுத்தோடு. அதன் நகலில் வாங்கிக்கொண்டதற்கு முத்திரை போட்டு வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கவுன்டரில் இருப்பவர் அதற்குப் பிறகு பேசும் விதமே மாறும்.

மறுப்புச் சான்றும் மற்றத் தாள்களும் முழுதாகப் போய்ச் சேர்ந்தால், ஒரு வேலை நாளுக்குள் வங்கியை நியமிக்க வேண்டும். நியமிக்கப்பட்ட வங்கி, தனக்கு வேண்டிய தாள்கள் வந்து மூன்று வேலை நாளுக்குள் கணக்கைத் தொடங்க வேண்டும். செக் போடுவது, கவுன்டரில் பணம் எடுப்பது, ஒரு கார்டு, மாதா மாதம் அறிக்கை, ரிப் தாள் (கணக்கு எண்ணும் வங்கி விவரமும் உள்ள தாள்) எல்லாம் இலவசம். செக் புத்தகம் தர மாட்டார்கள், பதிலுக்கு, வங்கியே தன் பெயரில் எழுதித் தரும் வங்கிச் செக் மாதம் இரண்டு உண்டு. அம்மாவுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அலைய முடியவில்லை என்றால் உங்கள் ஊர் மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) இருக்கும் சமூகநல அலுவலகத்துக்கு, சே-சே-ஆ-எஸ் என்பார்களே, அங்கே போங்கள். அம்மா சார்பில் விண்ணப்பத்தை அவர்களே அனுப்பி வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இப்போது அந்த இரண்டு சாக்குகளுக்கு வருவோம். வீட்டு ரசீது அம்மா பெயரில் இல்லை என்றால் என்ன? அவர் உங்கள் வீட்டில்தானே இருக்கிறார். "என் தாயார் என் வீட்டில் வசிக்கிறார்" என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று, உங்கள் அடையாள அட்டை நகல் ஒன்று, உங்கள் பெயரில் மூன்று மாதத்துக்குள் வந்த மின்சாரம் அல்லது தண்ணீர் ரசீது ஒன்று. இவை போதும். பிள்ளைகள் வீட்டில் இருக்கும் பெற்றோர் எல்லோரும் இதைத்தான் கொடுக்கிறார்கள்.

பெயர்ச் சிக்கல் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களில் இது வராத வீடு குறைவு. அடையாள அட்டையில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும், செக்கில் அப்பாவின் பெயரைச் சேர்த்துப் போட்டிருப்பார்கள். இது மட்டும்தான் வித்தியாசம் என்றால் குடும்பப் புத்தகத்தை (திருமணம், பிள்ளைகள் விவரம் பதிந்த அரசுப் புத்தகம்) காட்டினால் தீர்ந்தது. இரண்டு பெயரும் ஒருவருடையதுதான் என்று அதில் தெளிவாக இருக்கும். ஆனால் எழுத்தே மாறியிருந்தால், அதாவது ஒரு தாளில் காமாட்சியைப் பிரெஞ்சு முறையில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் ஆங்கில முறையில் வேறு மாதிரியும் எழுதியிருந்தால், வங்கி தயங்குவதில் நியாயம் உண்டு. அப்போது வங்கியோடு மல்லுக்கு நிற்காதீர்கள். ஓய்வூதிய அலுவலகத்துக்கு அடையாள அட்டை நகலோடு எழுதி, பெயரைத் திருத்தச் சொல்லுங்கள். கணக்கு தயாரானதும் ரிப் தாளை அனுப்பி, செக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தை நேரடியாகக் கணக்குக்கே அனுப்பச் சொல்லலாம். திருப்பி அனுப்புவதானால் பதிவுத் தபாலில், ஜெராக்ஸ் எடுத்த பிறகு.

செக் சரியாக இருந்தால் கவுன்டரிலேயே வைத்துப் பின்பக்கம் கணக்கு எண், தேதி எழுதி அம்மா கையெழுத்துப் போடட்டும். தமிழில் கையெழுத்துப் போடுபவர் என்றால் தமிழிலேயே போடலாம். அடையாள அட்டையில் உள்ளது போலவே, கணக்கு தொடங்கும்போது போட்டது போலவே இருக்க வேண்டும், அவ்வளவுதான். பணம் மறுநாளோ இரண்டு நாளிலோ கணக்கில் தெரியலாம். உடனே எடுத்துவிடாதீர்கள். புதுக் கணக்கில் பெரிய செக் என்றால் வங்கி சில நாள் நிறுத்தி வைப்பது வழக்கம். பிறகு செக் திரும்பினால் போட்ட தொகையைக் கழித்தும் விடுவார்கள். அந்தப் பணத்தை நம்பி யாருக்கும் தேதி சொல்லாதீர்கள்.

உங்கள் பெயரையும் சேர்த்துக் கூட்டுக் கணக்காகத் தொடங்கலாமே என்று வங்கியில் சொல்லக்கூடும். என் கருத்து, வேண்டாம். கணக்கு அம்மா பெயரில் மட்டும் இருக்கட்டும், உங்களுக்கு ப்ரோக்யுரேசியோன், அதாவது கணக்கை நடத்தும் அதிகாரம், மட்டும் எழுதிக் கொடுக்கட்டும். அவர் சார்பில் நீங்கள் எடுக்கலாம், போடலாம். பணம் அவருடையதாகவே இருக்கும், அவர் நினைத்தால் ரத்தும் செய்யலாம். கூடப் பிறந்தவர்கள் இருக்கும் வீட்டில், அம்மாவின் பணம் யாருடைய பணம் என்ற கேள்வி பின்னால் எழாமல் இருப்பது உங்களுக்கும் நல்லது. 71 வயதில் முதன்முதலாகத் தன் பெயரில் ஒரு கணக்கு என்பது அவருக்கும் சின்ன விஷயம் இல்லை.

அம்மா காசைக் கையில் பார்க்க ஆசைப்படுவது எனக்குப் புரிகிறது. எடுப்பதற்குச் சட்டத்தில் வரம்பு இல்லை, ஆனால் பெரிய தொகை என்றால் கிளையில் சில நாள் முன்னதாகச் சொல்ல வேண்டியிருக்கும். ஒரே மாதத்தில் 10,000 யூரோவுக்கு மேல் ரொக்கமாக எடுத்தாலோ போட்டாலோ வங்கி அரசுக்குத் தகவல் கொடுக்கும். உங்கள் தொகை அதற்குக் கீழேதான். எடுத்தாலும், கடையில் 1,000 யூரோவுக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்து நகை வாங்க முடியாது என்பதை அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். காரைக்காலுக்கு அனுப்ப வேண்டியது ஏதாவது இருந்தால் ரொக்கமாகப் பெட்டியில் கொண்டுபோகாமல் வங்கி மூலமே அனுப்புங்கள்.

அப்புறம், ரிப் தாள் கைக்கு வந்த வாரமே ஓய்வூதிய அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த மாதப் பணமும் செக்காகவே வந்து நிற்கும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. கணவர் அல்லது மனைவி இறந்தால், தனியார் துறை ஊழியர்களுக்கான பொதுத் திட்டத்தில் இந்தப் பங்கு ஓய்வூதியத்துக்கு 55 வயதிலிருந்து விண்ணப்பிக்கலாம், வருமான வரம்பு உண்டு. இறந்த ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பித்தால் இறந்ததற்கு மறுமாதத்திலிருந்து கணக்கிட்டுத் தருவார்கள். தள்ளிப்போட்டால் அந்த மாதங்களின் பணம் போனதுதான். துக்கத்தில் யாருக்கும் இது நினைவுக்கு வராது, பக்கத்தில் இருப்பவர்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கடைசியாக வரி. இந்த ஓய்வூதியம் வரிக்கு உட்பட்டது. முந்தின வருஷத்துக்கான நிலுவையும் சேர்ந்து ஒரே வருஷத்தில் வந்திருப்பதால், வரி ஒரேயடியாக ஏறாமல் இருக்க, தாமதமாக வந்த தொகைக்கென்றே உள்ள கோசியான் என்ற முறையில் கணக்கிடும்படி வரிப் படிவத்தில் கேட்கலாம். நாமாகக் கேட்டால்தான் தருவார்கள். அதற்கு, செக்கோடு வந்த விவரத் தாள் தேவைப்படும். எந்த மாதத்துக்கு எவ்வளவு என்பது அதில்தான் இருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.