கனடாவில் புதிய லெப்டினன்ட் கவர்னரைப் பிரதமர் அறிவித்த பிறகும் பதவியேற்பு விழா எதற்கு?

அறிவிப்பு வந்ததும் பதவி வந்துவிடாது, அதனால்தான். பிரிட்டிஷ் மன்னரே கனடாவுக்கும் மன்னர்; ஒவ்வொரு மாகாணத்திலும் அவருடைய பிரதிநிதிதான் லெப்டினன்ட் கவர்னர். பிரதமர் பரிந்துரைப்பார், நியமிப்பவர் நாடு முழுமைக்கும் மன்னரின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல். ஆனால் 1867-ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டப்படி, உறுதிமொழி எடுத்த பிறகுதான் புதியவர் பொறுப்பில் இறங்க முடியும். அதுவரை பழையவரே தொடர்வார். உதாரணமாக, ஒன்டாரியோ மாகாணத்துக்கு எடித் டுமோன் பெயர் 2023 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது; பதவியேற்றதோ நவம்பர் 14 அன்று.

விழா பெரும்பாலும் மாகாணச் சட்டமன்றத்தில் நடக்கும். முதலில் நியமன ஆணையை வாசிப்பார்கள். அப்புறம் மன்னருக்கு விசுவாசமாக இருப்பேன், பதவியை ஒழுங்காக நடத்துவேன் என்ற உறுதிமொழிகள். கூடவே அரசு ஆவணங்களில் பதிக்கும் மாகாணத்தின் பெரிய முத்திரையைக் காப்பேன் என்றும் சொல்ல வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் இந்த முத்திரைதான். வழக்கப்படி அதைப் புதியவர் கையில் கொடுப்பார்கள். வாங்கிய கையோடு, பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி அமைச்சரிடமே திருப்பித் தந்துவிடுவார். முத்திரை மன்னர் பெயரில், வேலை அமைச்சரவையிடம். கனடாவின் ஆட்சிமுறை மொத்தமும் அந்த அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பிறகு பீரங்கி மரியாதை, 15 குண்டுகள். வாத்தியக் குழு மன்னர் கீதத்தின் தொடக்கத்தையும் 'ஓ கனடா'வின் சில வரிகளையும் சேர்த்து இசைக்கும். அணிவகுப்பு, பேச்சு, விருந்தெல்லாம் சம்பிரதாயம். சட்டத்துக்கு வேண்டியது உறுதிமொழி மட்டும்தான்.