முட்டைக்கோஸும் வரிக்கணக்கும்

அன்புள்ள ஐயா,

மூன்றாம் நூற்றாண்டுக் குழப்பத்திலிருந்து ரோமப் பேரரசை மீட்டவர் டயோக்ளீஷியன் என்கிறார்கள். ஆனால் அவர் வகுத்த நால்வர் ஆட்சி அவர் பதவி விலகிய மறு ஆண்டே ஆட்டம் கண்டது. விலைக் கட்டுப்பாட்டு ஆணையும் படுதோல்வி. இப்படிப்பட்டவரை எப்படிச் சீர்திருத்தவாதி என்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தோற்றவை இரண்டையும் சரியாகவே பிடித்திருக்கிறீர்கள். இரண்டுமே கல்லில் செதுக்கப்பட்டவை என்பதுதான் வேடிக்கை.

வெனிஸில் புனித மார்க் தேவாலயத்தின் மூலையில் ஊதாநிறக் கல்லில் நான்கு பேர் இரண்டிரண்டு பேராகத் தழுவி நிற்கிறார்கள். டயோக்ளீஷியனும் அவரோடு சேர்ந்து ஆண்ட மூவரும்தான் இவர்கள் என்பது பெரும்பாலோர் கருத்து. யார் எவர் என்று அடையாளம் தெரியாதபடி ஒரே சாயல் முகங்கள். தழுவும் கை தோளில் கிடக்க, மறு கை வாளின் பிடியை விடவில்லை! 293-இல் அமைந்த இந்த ஏற்பாட்டில் மூத்தவர் இருவர் விலகினால் இளையவர் இருவர் மேலேறுவார்கள். பிள்ளைகளுக்கு வாரிசுரிமை கிடையாது. டயோக்ளீஷியனுக்கு மகன் இல்லை, மகள் மட்டும்தான். மகன்கள் இருந்தவர்களின் வீட்டில் என்ன நடக்கும் என்று அவர் யோசிக்கவில்லை போலும். 305-இல் விலகினார். 306-இல், அப்படி மேலேறிய இளையவர்களில் ஒருவரான கான்ஸ்டான்டியஸ் இறந்ததும் படை அவர் மகன் கான்ஸ்டன்டைனைப் பேரரசராகத் தூக்கிப் பிடித்தது.

301-ஆம் ஆண்டின் விலை ஆணை இன்னும் சுவையானது. உணவு, துணி, கூலி என ஒவ்வொன்றுக்கும் உச்சவரம்பு. மீறினால் மரண தண்டனை. பண்ணைக் கூலிக்கு நாளொன்றுக்குச் சாப்பாட்டுடன் 25 தினாரியஸ் (ரோம நாணயக் கணக்கு). முதல்தர ஆண் சிங்கம் 1,50,000. அதாவது, ஒரு சிங்கத்தின் விலை 6,000 நாள் கூலி. நாணயத்தின் மதிப்பு சரிந்து கிடக்கும்போது வியாபாரியை மிரட்டினால் சரக்கு சந்தைக்கு வராது. வரவும் இல்லை.

நிலைத்து நின்றவை குமாஸ்தா வேலைகள். 235 முதல் 284 வரை இருபதுக்கும் மேற்பட்ட பேரரசர்கள் வந்து போனார்கள். பெரும்பாலோரை ஏற்றியதும் இறக்கியதும் படைதான். டயோக்ளீஷியன் சுமார் 50 மாகாணங்களை உடைத்து ஏறக்குறைய இரு மடங்காக்கினார். பல எல்லைப்பகுதிகளில் ஆளுநரிடமிருந்து படையைப் பிரித்துத் தனித் தளபதியிடம் கொடுத்தார். வரி வாங்குபவரிடம் படை இல்லை, படை வைத்திருப்பவரிடம் கஜானா இல்லை. கலகம் செய்ய நினைப்பவர் இனி இரண்டு பேரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். மாகாணங்களைச் சேர்த்துக் கட்டிய 12 தொகுதிகளுக்கு இட்ட ‘டயோசிஸ்’ என்ற பெயர்தான், இன்று நாம் மறைமாவட்டம் என்று மொழிபெயர்க்கும் சொல்.

வரியிலும் அப்படியே. 297-இல் எகிப்தில் ஓர் ஆணை: நிலத்தின் தரத்துக்கேற்ப எவ்வளவு, தலைக்கு எவ்வளவு என்பது குடியானவருக்குத் தெரிய வேண்டும், பிரதி ஒவ்வொரு ஊருக்கும் போக வேண்டும். அதுவரை படை கடந்து போகும்போது கிடைத்ததை அள்ளிக்கொண்டு போகும். இப்போது படைக்கு என்ன தேவை என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு நிலத்தின்மீது பங்கிட்டார்கள். பேரரசு மூச்சுவிட்டது இதனால்தான் என்பது என் கருத்து.

இதற்காக அவரைக் கொண்டாடச் சொல்லவில்லை. வரி கொடுப்பவரைவிட வாங்குபவர் அதிகமாகிவிட்டார்கள் என்றார் அக்கால எழுத்தாளர் லாக்டான்டியஸ். அவர் கிறிஸ்தவர், 303-இல் தம் மதத்தாரை வேட்டையாடியவரைப் பற்றி நல்லதாக எழுதியிருக்க மாட்டார். ஆனாலும் புகாரில் விஷயம் இருந்தது. கணக்கு தலையையும் நிலத்தையும் சேர்த்தே எண்ணியது. தலை ஊரைவிட்டுப் போனால் கணக்கு உதைக்கும்.

மறுபடி அரியணை ஏற அழைத்தவர்களிடம், தம் கையால் நட்ட முட்டைக்கோஸைப் பார்த்தால் இப்படிக் கேட்கமாட்டீர்கள் என்று டயோக்ளீஷியன் சொன்னதாக ஒரு கதை உண்டு. அவர் பதவியை விட்டுத் தோட்டத்துக்குப் போக முடிந்தது. 332-இல் கான்ஸ்டன்டைன் போட்ட சட்டப்படி, நிலத்தை விட்டு ஓட நினைக்கும் குத்தகை விவசாயிக்குச் சங்கிலி.