இன்சூரன்ஸ் இல்லை என்று சலானா? கட்டுவதற்கு முன் கேளுங்கள்

மதுரையில் பதினெட்டு வருடமாக மோட்டார் வாகன வழக்குகள் பார்க்கிறேன். இன்சூரன்ஸ் சலான் பற்றி மட்டும் கேளுங்கள்.

கேள்வி (திண்டுக்கல்): சோதனையில் பாலிசித் தாள் கையில் இல்லை. 2,000 ரூபாய் சலான் போட்டுவிட்டார்கள். பாலிசி நடப்பில்தான் இருக்கிறது. என்ன செய்ய?

பதில்: கட்டாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 146-வது பிரிவு, தேர்டு பார்ட்டி காப்பீடு, அதாவது நம் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீடு, இல்லாமல் வண்டி ஓட்டக் கூடாது என்கிறது. மீறினால் 196-வது பிரிவில் 2,000 ரூபாய், மறுமுறை 4,000. மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. அது பாலிசியே இல்லாதவருக்கு. தாள் வீட்டில் கிடந்தது வேறு விஷயம், அதற்கு 196 வராது.

சலானில் உள்ள தேதி, நேரம், வண்டி எண் மூன்றையும் பாலிசியோடு ஒப்பிடுங்கள். பாலிசியில் தொடங்கும் நேரம் வரை அச்சாகியிருக்கும். பிறகு சலான் போட்ட ஸ்டேஷனில் எழுத்து மூலம் மனு கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். இ-சலான் தளத்திலும் புகார் பதியலாம். சலான், இணையத்தில் நடக்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் 'எதிர்த்து வாதிடுகிறேன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும். அங்கே பாலிசியும் பிரீமியம் ரசீதும் போதும்.

கேள்வி (விருதுநகர்): மொபைலில் காட்டினேன், ஏற்கவில்லை.

பதில்: டிஜிலாக்கர், எம்பரிவாகன் என்ற இரண்டு அரசு செயலிகளிலும் காட்டுவது 2020 அக்டோபர் 1 முதல் விதிப்படி செல்லும். கேலரியில் இருக்கும் போட்டோ அதற்கு ஈடாகாது.

கேள்வி (தேனி): பிடிபட்ட அன்று மாலையே புதுப்பித்துவிட்டேன். சலான் ரத்தாகுமா?

பதில்: ஆகாது. தேதியை முன்னால் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விலகுங்கள். அது போலி ஆவணம், 2,000 ரூபாயோடு நிற்காது.

கேள்வி (சிவகங்கை): 2023-ல் ஷோரூமில் வாங்கிய புது பைக். ஒரு வருடத்தில் முடிந்துவிட்டது என்று எஸ்ஐ சலான் போட்டார்.

பதில்: இது அடிக்கடி நடக்கிறது. 2018 செப்டம்பர் 1 முதல் புது பைக்குக்கு ஐந்து வருடம், காருக்கு மூன்று வருடம் தேர்டு பார்ட்டி சேர்த்தே விற்கிறார்கள். பாலிசியின் முதல் பக்கத்தில் இரண்டு தேதி இருக்கும். முதல் வருடத்தோடு முடிவது பெரும்பாலும் ஓன் டேமேஜ், அதாவது உங்கள் வண்டியின் சேதத்துக்கான காப்பீடு. தேர்டு பார்ட்டி 2028 வரை ஓடும். அந்த வரியைக் கோடிட்டு மனுவோடு வையுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): தப்பு சார். இரண்டும் சேர்ந்த ஃபுல் இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் ஃபைன் என்று ஷோரூமிலேயே சொன்னார்கள்.

பதில்: ஷோரூமில் சொன்னது சட்டம் ஆகாது. 146 கேட்பது தேர்டு பார்ட்டி மட்டும்.

கேள்வி (தஞ்சாவூர், மறுபடியும்): லோன் வண்டிக்கு ஃபுல் கட்டாயம்தானே?

பதில்: கடன் ஒப்பந்தம் அப்படிக் கேட்கலாம். அது உங்களுக்கும் கடன் கொடுத்தவருக்கும் நடுவில் உள்ள பேச்சு. போலீஸ் அதற்குச் சலான் போட முடியாது. இரண்டையும் குழப்பி, கட்ட வேண்டாத பணத்தை மக்கள் கட்டுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

கேள்வி (கரூர்): விற்ற வண்டிக்கு எனக்குச் சலான் வருகிறது.

பதில்: ஆர்சி இன்னும் உங்கள் பெயரில் இருக்கிறது. பெயர் மாறாதவரை நீங்கள்தான் உரிமையாளர். உச்ச நீதிமன்றம் 2018-ல் அதை உறுதி செய்தது. நாளை அந்த வண்டி யாரையாவது இடித்தால் இழப்பீடும் உங்கள் தலையில்தான். சலானை விடுங்கள், முதலில் ஆர்டிஓ அலுவலகம் போங்கள்.

கேள்வி (ராமநாதபுரம்): விபத்து கிளெய்ம் நிராகரித்துவிட்டார்கள்.

பதில்: இங்கே அல்ல. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போங்கள்.

கேள்வி (பரமக்குடி): தாள் வீட்டில் இருந்தது, சலான்...

பதில்: முதல் பதில்.

கேள்வி (மேலூர்): கோர்ட்டுக்கு அலைந்தால் ஒரு நாள் கூலி போகும். கட்டிவிடுவது மேல் இல்லையா?

பதில்: பாலிசி இல்லாதிருந்தால் கட்டிவிடுங்கள். இருந்தால், கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது. அடுத்த தடவை 4,000 கேட்க வழி நீங்களே கொடுத்ததாகும். போன மாதம் ஒருவர் பைக் சீட்டுக்கு அடியில் பால் கவரில் மடித்து வைத்திருந்த பாலிசியோடு வந்தார். மடிப்பில் தேதி அழிந்திருந்தது. கம்பெனியில் நகல் கேட்டு, மனு எழுதி, கையெழுத்து வாங்கி வெளியே வரும்போது மணி பதினொன்றரை. அரை நாள் கூலி அவருக்கு மிச்சம்.