நல்ல இலைக்குள்ளே பூஞ்சையா?

இந்த மாதக் கடிதங்களில் ஐந்து, சொல்லி வைத்த மாதிரி ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. நோயில்லாத பயிரின் இலைக்குள் நுண்ணுயிர்கள் இருக்குமா, இருந்தால் நல்லதா கெட்டதா? முப்பது வருடம் ஆய்வகத்தில் பெட்ரி தட்டுகளோடு குடித்தனம் நடத்தியவள் என்பதால், முதல் பதில் கொஞ்சம் நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேடம், ப்ராஜெக்ட்டுக்காக ஒரு புள்ளிகூட இல்லாத நெல் இலையைக் கழுவி, துண்டு போட்டு அகார் தட்டில் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டு) வைத்தேன். ஐந்தாம் நாள் கரும்பச்சையாகப் பூஞ்சை கிளம்பிவிட்டது. "சுத்தமாகக் கழுவவில்லை, கன்டாமினேஷன்" என்கிறார்கள். மூன்று முறை செய்தும் அதேதான் வருகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?
– வேளாண் கல்லூரி மாணவி, மதுரை

பதில்: தப்பே செய்யாமலும் இருக்கலாம், கண்ணு. முதலில் ஒன்று பார். பூஞ்சை துண்டின் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது? இலையின் மேல்பரப்பில் அங்கங்கே திட்டுத்திட்டாக வந்தால் கழுவியது போதவில்லை. நீ பிளேடால் வெட்டிய விளிம்பிலிருந்து மட்டும் வெளியே நீட்டினால், அது உள்ளேயிருந்து வருகிறது என்று சந்தேகப்பட இடமுண்டு. வெட்டிய வாய்தான் அதற்குத் திறந்த கதவு.

நோய் அறிகுறி எதுவும் காட்டாமல் செடியின் திசுக்களுக்குள்ளேயே வாழும் பூஞ்சைகளையும் பாக்டீரியாக்களையும் எண்டோபைட் என்கிறோம். தமிழில் 'உள்வாழ் நுண்ணுயிர்' என்று எழுதுகிறார்கள். ஜெர்மனியின் அன்டன் டி பாரி 1866-லேயே இந்தப் பெயரைப் பயன்படுத்தியிருக்கிறார். ஆக, நீ பார்த்தது புது அதிசயம் இல்லை. அர்ஜென்டினாவின் லா பிளாட்டாவில் நல்ல கோதுமை இலைகளை இதே மாதிரி நறுக்கி வைத்துப் பார்த்தபோது ஆல்டர்னேரியா, கிளாடோஸ்போரியம், எபிகாக்கம் எல்லாம் வந்தன. உன்னுடைய கரும்பச்சை, அந்த முதல் இரண்டில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு துளி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வை. வித்துகள் சங்கிலியாகக் கோத்து, ஒவ்வொன்றின் உள்ளேயும் குறுக்கும் நெடுக்கும் வரப்பு போட்ட வயல் மாதிரி தெரிந்தால் அது ஆல்டர்னேரியா.

ஆனால் "உள்ளேயிருந்து வந்தது" என்று நீ சொன்னால் போதாது, காட்ட வேண்டும். குழாய்த் தண்ணீரில் கழுவிய பிறகு 70 சதவீத எத்தனாலில் ஒரு நிமிடம், அப்புறம் ஹைப்போகுளோரைட்டில் (ப்ளீச் திரவம்) இரண்டு மூன்று நிமிடம், அப்புறம் ஆட்டோகிளேவ் செய்த, அதாவது அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய தண்ணீரில் மூன்று அலசல். இது எல்லோரும் செய்வது. பலர் விட்டுவிடுவது இதற்கு அடுத்த வேலை. மூன்றாவது அலசல் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்துத் தனித் தட்டில் பரப்பு. கழுவிய இலையை வெட்டாமல் இன்னொரு தட்டில் அப்படியே ஒற்றி எடு. இந்த இரண்டு தட்டும் வெறுமையாக இருந்து, வெட்டிய துண்டில் மட்டும் பூஞ்சை வந்தால், யார் கேட்டாலும் மூன்று தட்டையும் மேஜையில் வைத்துவிடு. வாதமே வேண்டாம்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் என் சொந்தக் கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நெல் இலை வைத்த தட்டுகளில் அடிக்கடி ரோஜா நிறத்தில் சின்னச் சின்னக் காலனிகள் (நுண்ணுயிர்க் கூட்டங்கள்) வரும். "குழாய்த் தண்ணீர் பாக்டீரியா, தூக்கிப் போடு" என்றார் மூத்தவர். நானும் ஒரு பருவம் முழுக்கப் போட்டேன். அவர் சொன்னதும் பொய்யில்லை. அந்த இனம் குளோரினுக்கும் அசராமல் குழாய்த் தண்ணீரில் வாழக்கூடியது. ஆனால் அலசல் தண்ணீரைத் தனித் தட்டில் போட்டுப் பார்க்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. நான் குப்பையில் போட்டது என்ன என்பதை மூன்றாவது பதிலில் சொல்கிறேன்.

இன்னொன்று. உள்ளே இருப்பதாலேயே அது செடிக்கு உதவுகிறது என்று ப்ராஜெக்ட்டில் எழுதிவிடாதே. ஆல்டர்னேரியா, கிளாடோஸ்போரியம் மாதிரி ஆட்களில் பலர், சொத்துக்காகக் காத்திருக்கும் பங்காளிகள். இலை பச்சையாக இருக்கும்வரை ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். இலை பழுத்ததும் முதல் பந்தியில் அவர்கள்தான். அறுவடைச் சமயத்தில் மழை பிடித்தால் தாள் கறுத்துப்போகிறதே, அதில் இவர்கள் பங்கு பெரிது.

கேள்வி: அம்மா, விடியற்காலையில் நெல் இலை நுனியில் முத்து மாதிரி தண்ணீர் நிற்கிறது. பனி என்கிறேன், என் மகன் இல்லை என்கிறான். இன்னொன்று, நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளிவிட வேண்டும் என்பது எங்கள் அப்பா காலத்துப் பழக்கம். இப்போது கிள்ளாதே என்கிறார்கள். எது சரி?
– விவசாயி, திருத்துறைப்பூண்டி

பதில்: மகன் சொல்வதுதான் சரி. பனி என்றால் இலை முழுக்கப் பொடிப்பொடியாகப் படிந்திருக்கும். நுனியிலும் ஓரத்திலும் உருண்டு நிற்பது செடி தானே வெளியே தள்ளிய தண்ணீர். ராத்திரியில் இலைத்துளைகள் மூடியிருக்க, வேர் தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அது வெளியேற இலை நுனியிலும் விளிம்பிலும் தனியாக நீர்த்துளைகள் உண்டு. நாளைக்கு வெயில் ஏறுமுன் வயலுக்குப் போய் ஒரு முத்தை விரலால் துடைத்துவிட்டு, ஒரு பீடி பிடிக்கிற நேரம் நில்லுங்கள். (பீடி பிடிக்க வேண்டாம், நின்றால் போதும்.) அதே இடத்தில் மறுபடி ஊறும்.

இந்தத் துளைகள்தான் பாக்டீரியாவுக்கு வாசல். வெயில் ஏறியதும் இலை அந்தத் தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். மிதக்கிறவர்களும் கூடவே உள்ளே போவார்கள். சாதுவான ஆட்களும் இப்படிப் போவதுண்டு, இலைக்கருகல் நோய் தரும் சாந்தோமோனாஸும் இதே வழிதான். கருகல் நுனியிலும் ஓரத்திலும் அலை அலையாகத் தொடங்குவது இதனால்தான்.

இப்போது நாற்றுக்கு வருவோம். குருத்துப்பூச்சி நாற்றின் இலை நுனியில் முட்டைக் குவியல் வைக்கும். அதைக் கிள்ளி எறியத்தான் அப்பா காலத்துப் பழக்கம், அதில் நியாயம் உண்டு. ஆனால் கிள்ளிய காயம் சாந்தோமோனாஸுக்கு நீர்த்துளையைவிடப் பெரிய வாசல். உங்கள் பகுதியில் சம்பாவில் கருகல் வழக்கமாக வருகிறது என்றால் கிள்ளாதீர்கள். முட்டைக் குவியல் இருக்கும் நாற்றை மட்டும் பார்த்துப் பொறுக்கி எறியுங்கள்.

வயலில் இருக்கும்போதே இன்னொன்றும் செய்து பாருங்கள். கருகல் வந்த இலையின் ஓரத்தில் புதிதாகப் பழுத்த இடத்தை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் வெட்டுவாய் நனைய நிறுத்துங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து புகை மாதிரி வெண்மையாக ஒன்று தண்ணீரில் இறங்கும். அது முழுக்க பாக்டீரியா. பக்கத்து டம்ளரில் நல்ல இலையை வெட்டி வையுங்கள். உள்ளே பாக்டீரியா இருக்கும், ஆனால் தண்ணீர் தெளிந்தே நிற்கும். அளவோடு இருப்பதற்கும் இலையின் நீர்க்குழாயை அடைத்துக்கொண்டு பெருகுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மதுரை மாணவியும் இதைச் செய்து பார்க்கலாம்.

கேள்வி: கடையில் ஒரு பாட்டில் கொடுத்து, "இலைக்குள்ளே போய்க் குடியிருந்து வறட்சியைத் தாங்க வைக்கும் பாக்டீரியா" என்கிறார்கள். பி.பி.எஃப்.எம். என்று எழுதியிருக்கிறது. நம்பலாமா?
– விவசாயி, விருத்தாசலம்

பதில்: சரக்கு உண்மை. பாட்டிலை மட்டும் பார்த்து வாங்குங்கள். பி.பி.எஃப்.எம். என்பது அதில் இருக்கும் மெத்தைலோபாக்டீரியத்தைத்தான் குறிக்கும். ஒரு பருவம் முழுக்க நான் தூக்கிப் போட்ட ரோஜா நிற ஆசாமியின் இனம்.

இலை வளரும்போது செல் சுவரில் உள்ள பெக்டின் இளகி நெகிழும். அப்போது கொஞ்சம் மெத்தனால் உண்டாகி இலைத்துளை வழியே வெளியேறும். காலையில் துளை திறந்ததும் அதிகமாக வரும். வேறு பலருக்கு உதவாத அந்த மெத்தனாலைச் சாப்பிட்டே இந்தப் பாக்டீரியா பிழைக்கும். பதிலுக்கு சைட்டோகைனின், ஆக்சின் மாதிரி வளர்ச்சி ஊக்கிகளைச் சுரக்கும். பெரும்பாலும் இலையின் மேலேயே இருக்கும், உள்ளேயும் போகும். நெல் தண்டுக்குள்ளிருந்து பிரித்தெடுத்த ஒன்றுக்கு 2007-ல் மெத்தைலோபாக்டீரியம் ஒரைசே என்று பெயரும் வைத்தாகிவிட்டது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் வறட்சிக் காலத் தெளிப்புக்கு இதைப் பரிந்துரைக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு, ஆய்வகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. மெத்தனால் மட்டுமே சாப்பாடாகக் கலந்த அகார் தட்டில் ஒரு இலையை ஒற்றி எடுத்துவிட்டு, சில நாள் விட்டுவிட வேண்டும். திறந்து பார்த்தால் தட்டில் அந்த இலையே ரோஜா நிறத்தில் வரைந்திருக்கும். ஓரம் எது, நடுநரம்பு எது என்று சொல்லிவிடலாம். பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வீட்டில் தட்டு இல்லையே என்று இப்போதும் ஏக்கம்தான்.

சரி, பாட்டில். உள்ளே இருப்பது உயிர். போன வருடம் எங்கள் வயலுக்கு ஒரு கடையில் உயிர் உரம் வாங்கினேன். சித்திரை வெயிலில் வாசல் தட்டியிலேயே அடுக்கியிருந்தார்கள். சந்தேகப்பட்டு, தெரிந்த பெண்ணிடம் கொடுத்துத் தட்டில் போடச் சொன்னேன். ஒரு காலனிகூட வரவில்லை. வெறும் தண்ணீரைத் தெளித்தால் எந்தப் பயிரும் வறட்சி தாங்காது. தயாரித்த தேதியைப் பாருங்கள், நிழலில் வைத்திருக்கிறார்களா பாருங்கள். பூச்சிமருந்தோடு ஒரே டேங்கில் கலக்காதீர்கள். காலை அல்லது மாலை வெயில் தாழத் தெளியுங்கள்.

கேள்வி: இலைக்குள்ளும் விதைக்குள்ளும் பூஞ்சை இருக்கும் என்றால், சோற்றோடு அதையும்தான் சாப்பிடுகிறோமா? நினைத்தாலே ஒரு மாதிரி இருக்கிறது.
– இல்லத்தரசி, திருப்பூர்

பதில்: காலம் காலமாக அப்படித்தான் சாப்பிடுகிறோம். வேகவைத்தால் செத்துப்போகும். பூஞ்சையைவிட அது விட்டுவைக்கும் நஞ்சுதான் கவலை, ஏனென்றால் எல்லா நஞ்சும் கொதியில் போவதில்லை. மக்காச்சோளத்தில் ஃபியூசேரியம் வெர்ட்டிசிலியாய்ட்ஸ் என்று ஒன்று விதையிலிருந்து தண்டு வரை சத்தமில்லாமல் இருக்கும். செடி பார்க்க நன்றாகவே நிற்கும். சில சமயம் கதிரில் ஃபியூமோனிசின் என்ற நஞ்சைச் சேர்த்துவிடும். வீட்டில் செய்யக்கூடியது, பூஞ்சை பூத்த, சுருங்கிய, ஓட்டை விழுந்த மணிகளைத் தயங்காமல் ஒதுக்குவது. சேமிக்குமுன் பல்லில் கடித்தால் 'டக்' என்று உடைகிற அளவு காயவைப்பது.

மாட்டுக்கு இது நடந்த கதை பெரியது. அமெரிக்காவில் கென்டக்கி 31 என்ற ஃபெஸ்க்யூ புல்லை 1943-ல் வெளியிட்டார்கள். வறட்சி தாங்கியது, பூச்சி அண்டவில்லை, எங்கும் பரவியது. ஆனால் மேய்ந்த மாடுகள் இளைத்தன, கால் குளம்பு அழுகியது. 1977-ல்தான் ஜார்ஜியாவில், புல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் வாழ்ந்து விதை வழியே பரவும் ஒரு பூஞ்சைதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். உடனே பூஞ்சை இல்லாத விதையை விதைத்தார்கள். மாடு பிழைத்தது, புல் பிழைக்கவில்லை. வறட்சியைத் தாங்கியதிலும் பூச்சியை விரட்டியதிலும் அந்தப் பூஞ்சைக்கும் பங்கு இருந்திருக்கிறது. கடைசியில் மாட்டுக்கு நஞ்சு செய்யாத ரகப் பூஞ்சையைத் தேடிப் பிடித்து மறுபடி புல்லுக்குள் குடிவைத்தார்கள். இந்த வரலாற்றை நினைக்கும்போதெல்லாம், தட்டில் எது முளைத்தாலும் "நல்லது", "கெட்டது" என்று உடனே பெயர் வைக்க எனக்குக் கை வருவதில்லை.

கேள்வி: விதை நெல்லுக்கு சூடோமோனாஸும் போட்டு, பூஞ்சாணக்கொல்லியும் போடலாமா? இரண்டும் போட்டால் இரட்டைப் பாதுகாப்புதானே?
– விவசாயி, ஆரணி

பதில்: இரண்டில் ஒன்று போடுங்கள். சூடோமோனாஸும் உயிருள்ள பாக்டீரியாதான், பூஞ்சாணக்கொல்லி அதையும் கெடுத்துவிடலாம். சூடோமோனாஸ் என்றால் கிலோ விதைக்கு 10 கிராம், ஊறவைத்த தண்ணீரை நாற்றங்காலிலேயே ஊற்றிவிடுங்கள். போன வருடம் குலை நோய் கடுமையாக வந்த வயலின் விதையாக இருந்தால் எதைப் போடுவது என்று யோசிக்கவே வேண்டாம். அந்த விதையை அரைத்துச் சாப்பிடுங்கள், வேறு விதை வாங்குங்கள்.