பழைய பாணி விண்வெளி ரோல்பிளே ஆட்டத்தை ஆன்லைனில் நடத்த ஆள் சேருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய அறிவியல் புனைகதை ரோல்பிளே ஆட்டம் ஒன்றை ஆன்லைனில், மாதக்கணக்கில் தொடர்கதைபோல நடத்த ஆசை, ஆரம்பிப்பதற்கு முன்னால் யாருக்கு உண்மையிலேயே ஆர்வம் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சிங்கப்பூரிலிருந்து டிராவலர் (Traveller) என்ற அப்படிப்பட்ட ஒரு ஆட்டத்தை நடத்துகிறேன்; ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டிப் பேசியே கதையை நகர்த்துவது அது. முதல் முயற்சி கவிழ்ந்தது, இரண்டாவது ஓடிக்கொண்டிருக்கிறது. அதை வைத்துச் சொல்கிறேன்: "யாருக்கெல்லாம் விருப்பம்?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

முதல் தடவை நான் அப்படித்தான் கேட்டேன். இங்கே புத்தகம் படிக்கிற நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில், "1977இல் வெளிவந்த ரெட்ரோ விண்வெளி ஆட்டம், வெள்ளி இரவு 9 மணி, ஆர்வமுள்ளவர்கள் சொல்லுங்கள்" என்று போட்டேன். 19 கட்டைவிரல்கள் விழுந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வாரம் தூக்கம் கெட்டு அறுகோணக் கட்டங்களில் கோள்களையெல்லாம் வரைந்து வைத்தேன். வெள்ளிக்கிழமை வந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர், "டவுன்லோட் லிங்க் எங்கேண்ணே?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ரெட்ரோ என்றால் பழைய வீடியோ கேம்தானே யாருக்கும் ஞாபகம் வரும்? பகடையை உருட்டி வாயால் கதை சொல்லி ஆடுவது என்று நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

இரண்டாம் தடவை, ஆட்டத்தின் வரலாற்றை விட்டுவிட்டு அதன் உலகத்தைச் சொன்னேன். டிராவலரில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ, தூரம் எவ்வளவாக இருந்தாலும், ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். கப்பலைவிட வேகமாகச் செய்தி போகாது. ரேடியோவும் உதவாது, தந்தியும் கிடையாது. அரசன் செத்தாலும் அந்தச் சேதியை ஒரு கப்பல்தான் சுமந்துகொண்டு வர வேண்டும். என் தாத்தா நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி, பினாங்கு வழியாக ஒரு வாரம்போலப் பயணம் செய்து இங்கே வந்து இறங்கியவர். ஊரில் பாட்டிக்குக் குழந்தை பிறந்ததைக் கடிதத்தில் படித்தபோது குழந்தை குப்புற விழுந்துவிட்டதாம். அதைத்தான் குழுவில் எழுதினேன்: "ராஜுலா காலத்து வாழ்க்கை, ஆனால் விண்வெளியில். கையில் கடனில் வாங்கிய ஒரு பழைய சரக்குக் கப்பல். மாதத் தவணை கட்டியாக வேண்டும்."

இந்த முறை விழுந்த கட்டைவிரல்கள் 7தான். ஆனால் ஐந்து பேர் கேள்வி கேட்டார்கள். தவணை எத்தனை வருஷம் என்றார் ஒருவர். பழைய விதிப்படி 480 மாதம், அதாவது 40 வருஷம் என்றதும், "வீவக (சிங்கப்பூர் அரசு வீட்டுவசதிக் கழகம்) கடனே 25 வருஷம்தான், அங்கே போயும் இதே தலைவலியா!" என்று எழுதினார். அவர் வருவார் என்று அப்போதே தெரிந்துவிட்டது. கட்டைவிரலை எண்ணாதீர்கள், கேள்விகளை எண்ணுங்கள்.

அடுத்தது நேரம். "எப்போது வசதி?" என்று கேட்டால் எல்லாரும் "எப்போ வேணும்னாலும்" என்பார்கள். நான் மூன்று தேதிகளைக் கொடுத்து, எது முடியாது என்று கேட்டேன். பிள்ளைக்கு பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) ஆண்டு, இரவு ஷிப்ட், மாமியார் வருகை எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தன. சனி இரவு 9 மணி எங்களுக்குப் பொருந்தியது. கோலாலம்பூருக்கும் அதே மணி, சென்னையில் மாலை 6.30. டொராண்டோவில் கோடையில் காலை 9, குளிர்காலத்தில் 8. அங்கே இருக்கிற நண்பர் தோசையோடு வந்து உட்காருகிறார்.

சரி, உண்மையான சோதனை இதற்கு அப்புறம்தான். முதல் சந்திப்பில் கதையைத் தொடங்கவே தொடங்காதீர்கள். இரண்டு மணி நேரம் பாத்திரங்களை உருவாக்க மட்டும் கூப்பிடுங்கள், அதற்குமேல் யாரும் எந்த வாக்கும் தர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டிராவலரில் அதுவே ஒரு தனி ஆட்டம். 18 வயதில் தொடங்கி, கடற்படை, வணிகக் கப்பல், ஸ்கவுட் (விண்வெளி ஆய்வுப் பணி) என்று ஏதாவது வேலையில் சேர்ந்து, நான்கு நான்கு ஆண்டுகளாக வாழ்க்கையைப் பகடையில் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு நான்காண்டிலும் உயிர் பிழைத்தோமா என்று உருட்ட வேண்டும். ஸ்கவுட் என்றால் இரண்டு பகடையில் 7 அல்லது அதற்குமேல் விழ வேண்டும். தாங்குதிறன் கூடுதலாக இருந்தால் சலுகை உண்டு, இல்லாவிட்டால் நூற்றுக்கு 42 தடவை சாவுதான். கதை தொடங்கும் முன்னாலேயே! பிழைத்தவருக்குச் சில சமயம் ஒரு சின்ன ஸ்கவுட் கப்பல் தவணை இல்லாமல் கிடைக்கும் என்பதால் ஆசை விடாது. பின்னால் வந்த விதிகளில் செத்துப்போவதற்குப் பதிலாகக் காயம்பட்டு வேலையை விட்டு வெளியேறுவதாகவும் வைத்துக்கொள்ளலாம். நான் வேண்டுமென்றே பழைய விதியையே வைத்தேன்.

தாதியாக வேலை பார்க்கும் ஒரு அக்காவுக்கு முதல் ஸ்கவுட் 22 வயதில் போனான், இரண்டாமவன் 26இல். "நம்ம வார்டுலகூட இப்படி இல்லப்பா" என்று சிரித்துக்கொண்டே மூன்றாவதை உருட்டினார். அந்த அக்கா இன்று வரை ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. இன்னொருவர் முதல் சாவிலேயே மைக்கை அணைத்தார், அப்புறம் வரவில்லை. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. எட்டாவது வாரத்தில் காணாமல் போயிருந்தால்தான் சங்கடம். அன்று வந்த ஆறு பேரில் நான்கு பேர் தங்கினார்கள். சின்னக் கப்பலுக்கு அது போதும்.

இன்னொன்று, "தொடர்" என்ற சொல்லையே எடுக்காதீர்கள். முடிவு தெரியாத எதற்கும் இந்த ஊரில் ஆட்கள் தயங்குவார்கள். நான் ஆறு சனிக்கிழமை என்று மட்டும் சொன்னேன். ஆறாவது முடிந்ததும், அடுத்த சரக்கை எந்தக் கோளில் இறக்குவது என்று அவர்களே சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம். விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கட்டும், பேச்சு தமிழில் தானாக வரும். எங்களுக்கு ஜம்ப் "தாவல்" ஆகிவிட்டது, பயணிகளை உறைய வைத்து ஏற்றும் லோ பெர்த் "குளிர்ப்பெட்டி".

ஆள் வராத நாட்களுக்கும் குளிர்ப்பெட்டிதான் வழி. வராதவரின் பாத்திரத்தை அதில் படுக்க வைத்துவிடுவோம். எழுப்பும்போது இரண்டு பகடையில் 5 அல்லது அதற்குமேல் விழுந்தால்தான் கண் திறப்பார், இது பழைய விதியிலேயே இருக்கிறது. எங்கள் பைலட்டாக ஆடுபவர் இப்போது போர்க்காலப் படைப் பயிற்சிக்காக (கட்டாய ராணுவச் சேவையை முடித்தவர்களை இங்கே அவ்வப்போது அழைப்பார்கள்) முகாமில் இருக்கிறார். வரும் சனிக்கிழமை திரும்புகிறார். அந்தப் பகடையைத் தாதி அக்காதான் உருட்ட வேண்டும் என்று இப்போதே சொல்லி அனுப்பியிருக்கிறார்.