மாத்திரை போட்டுக் கரு கலைந்தால் ஜெயிலா?

கேள்வி: என் தங்கைக்கு 26 வயது, ஒரு குழந்தை இருக்கிறது. மறுபடி உண்டாகி 11 வாரம். கணவருக்குத் தெரியாமல் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டாள். ரத்தப்போக்கு நிற்காததால் அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். ‘ஏ.ஆர். போட்டாச்சு, போலீஸ் கேஸ்’ என்கிறார்கள். மாமியார் வீட்டில் கொலைக் கேஸ் கொடுப்போம் என்று மிரட்டுகிறார்கள். அவுட்போஸ்ட் போலீஸைத் தெரியும் என்று ஒருவர் 30 ஆயிரம் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஏ.ஆர். என்பது மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு. அதில் எழுதி, காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்புவது டாக்டரின் வழக்கமான வேலை. அது எஃப்.ஐ.ஆர். இல்லை. எழுதியதை 30 ஆயிரம் வாங்கிக்கொண்டு ஒருவர் அழிக்கவும் முடியாது. வார்டு வாசலில் நிற்கும் இந்த ஆட்களுக்குத் தொழிலே உங்கள் பயம்தான். பணம் கைமாறிய மறுநாள், ‘இன்ஸ்பெக்டர் இன்னும் எதிர்பார்க்கிறார்’ என்று வந்து நிற்பார். ரிப்போர்ட்டைத் திருத்தச் சொல்லிப் பணம் கொடுத்தால், இல்லாத வழக்கு ஒன்றை நீங்களே விலைக்கு வாங்கியது போல ஆகும்.

சரி, கொலை வழக்கு? வராது. கருவில் இருக்கும் குழந்தையின் மரணத்தைச் சட்டம் கொலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. உங்கள் தங்கை விஷயத்தில் பேசக்கூடிய பிரிவு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 88. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அதுதான் 312. வேண்டுமென்றே கருவைக் கலைத்தால் மூன்று ஆண்டு வரை சிறை. வயிற்றில் அசைவு தெரிந்த பிறகு என்றால் ஏழு ஆண்டு வரை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இதில் அடங்குவாள் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 1860-இல் எழுதியதை 2024 ஜூலையில் நம்பர் மாற்றி அப்படியே இறக்கிவிட்டார்கள். என்ன சீர்திருத்தமோ!

ஏட்டளவில் குற்றம்தான் என்பதை மறைக்க மாட்டேன். 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம் தகுதியான டாக்டர் செய்வதற்குத்தான் பாதுகாப்பு தருகிறது. ஆனால் 88 ஜாமீனில் விடக்கூடிய பிரிவு. அதைவிட முக்கியம், மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் இதை விசாரிக்கவே முடியாது. வாரன்ட் இல்லாமல் கைதும் கிடையாது. மாமியார் வீட்டார் எவ்வளவு கத்தினாலும் இதுதான் நிலை. உங்கள் தங்கையை ஸ்டேஷனுக்கு வா என்று கூப்பிட்டால் போக வேண்டாம். பெண்ணை அவள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். வெள்ளைத்தாளில் கையெழுத்து மட்டும் கூடவே கூடாது.

ஒரே ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். 88-க்கு அடுத்து வரும் பிரிவுகளில் 91 என்று ஒன்று உண்டு. குழந்தை உயிரோடு பிறக்கக் கூடாது என்ற நோக்கத்தில் செய்த செயலுக்கானது. பத்து ஆண்டு வரை, ஜாமீன் எளிதில்லை, போலீஸ் நேரடியாகக் கைது செய்யலாம். 94 இன்னொன்று: இறந்து பிறந்த குழந்தையை ரகசியமாகப் புதைத்துப் பிறப்பை மறைப்பது. இரண்டும் கர்ப்பம் முற்றிய நிலையில்தான் வழக்கமாகத் தலைகாட்டும். அதனால்தான் ‘11 வாரம்’ என்பது மருத்துவக் குறிப்பில் தெளிவாக இருக்க வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தால் பத்திரமாக வையுங்கள். வாரக் கணக்கு எழுதாமல் ‘கருக்கலைப்பு’ என்று மொட்டையாக விட்டால், விவரம் தெரியாத ஒரு ஏட்டு 91-ஐப் போட்டுப் பார்ப்பார். அதை உடைக்க உயர்நீதிமன்றம் வரை அலைய வேண்டியிருக்கும். வீட்டில் பெரியவர்கள் யாராவது ‘கொல்லைப்புறத்தில் புதைத்துவிட்டோம்’ என்று அக்கம்பக்கத்தில் உளறுவதையும் நிறுத்துங்கள்.

டாக்டரிடம் மட்டும் எதையும் மறைக்க வேண்டாம். எந்த மாத்திரை, எத்தனை, எப்போது, எல்லாம் சொல்லட்டும். வீட்டிலிருந்து மாத்திரையால் கலைப்பதற்கு ஒன்பது வாரம்தான் வரம்பு. 11 வாரத்தில் மிச்சம் உள்ளே தங்கிப் போயிருக்கலாம். வழக்கைவிட அதுதான் இப்போது ஆபத்து.

எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். 20 வாரம் வரை ஒரே ஒரு டாக்டரின் கருத்து போதும், கணவர் கையெழுத்து தேவையில்லை. கல்யாணம் ஆகாதவர்களுக்கும் இதே உரிமை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருந்தும் மருத்துவமனையில் ‘வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா’ என்று திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பெண் மெடிக்கலுக்குப் போவாள். அங்கே சீட்டில்லாமல், பில் இல்லாமல், இரண்டு மடங்கு விலைக்கு எடுத்துக் கொடுப்பார்கள். கடைசியில் கேள்வி கேட்பது படுக்கையில் கிடப்பவளை.

வக்கீல் வேண்டுமென்றால் கோர்ட் வாசலில் கறுப்புக் கோட்டு தேடாதீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், 15100-க்கும் அழைக்கலாம். டிஸ்சார்ஜ் ஆகும்போது ஏ.ஆர். காப்பியும் டிஸ்சார்ஜ் சம்மரியும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரை அட்டையைத் தூக்கி எறிய வேண்டாம். அந்தக் கடை மேல் மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். ஆனால் அதில் உங்கள் தங்கை பெயரும் வரும் என்பதால், ஆணைக்குழு வக்கீலிடம் பேசிவிட்டுக் கொடுங்கள்.