நண்பனுக்கு வங்கிக் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் கொடுக்கலாமா?

'என் கணக்கு முடங்கிவிட்டது, உன் கணக்கில் பணம் வரட்டும், கார்டையும் கொடு' என்று நண்பர் கேட்கிறார், சட்டச் சிக்கல் வருமா என்கிறீர்கள்.

வரும். கொடுக்காதீர்கள். அந்தப் பணம் மோசடிப் பணமாக இருந்து, அதை இழந்தவர் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் புகார் செய்தால், முடங்கப்போவது உங்கள் கணக்கு. போலீஸ் நோட்டீஸும் உங்கள் பெயருக்குத்தான் வரும். வேறு மாநில போலீஸ் என்றால் அலைச்சலே பாதி தண்டனை. நண்பர் கமிஷன் தருவதாகச் சொன்னாரா? அப்படியானால் இன்னும் சந்தேகப்படுங்கள்.

கார்டை மட்டும் கொடுத்தாலும் ஆபத்துதான். 2013-இல் பிரசவ விடுப்பில் இருந்த பெங்களூரு பெண் ஒருவர் கணவரிடம் கார்டையும் பின் நம்பரையும் கொடுத்தனுப்பினார். ஏடிஎம்மில் 25,000 ரூபாய் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்தது. பின்னைப் பகிர்ந்தது விதிமீறல் என்று 2018-இல் நுகர்வோர் மன்றம் வங்கி பக்கமே நின்றது. கணவருக்கே இந்தக் கதி!

ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கையும் இதையே சொன்னது: ரகசிய விவரத்தை நீங்களே பகிர்ந்து பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நஷ்டம் முழுக்க உங்களுடையது. தெரிவித்த பிறகு நடப்பது வங்கியின் பொறுப்பு. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றே கார்டை பிளாக் செய்துவிடுங்கள்.